பூஞ்சை ஜீனோம் தரவுத்தளங்கள்: பட்டியலின் முதல் வரியோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுண்ணுயிரியலும் உயிரித் தொழில்நுட்பமும் படிக்கும் நம் மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வறிக்கைகளில் ஒரு வாக்கியம் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது: “பிளாஸ்ட் தேடலில் 100 விழுக்காடு ஒத்துப்போனதால் இந்தப் பூஞ்சை இன்ன இனம் என்று உறுதிசெய்யப்பட்டது.” பிளாஸ்ட் என்பது கையிலுள்ள டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்திலுள்ளவற்றோடு ஒப்பிட்டு, பொருந்துபவற்றைப் பட்டியலிடும் தேடுகருவி. அந்தப் பட்டியலின் முதல் வரியை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது என்ற நினைப்பு கோலாலம்பூரிலும் இருக்கிறது, இங்கே பினாங்கிலும் இருக்கிறது. முதல் வரி எதையும் உறுதிசெய்வதில்லை. உங்கள் இதழ் போகும் வீடுகளில் இத்துறை மாணவர்களும் அவர்களுக்குப் பாடம் எடுப்போரும் இருப்பதால், பொதுவில் திறந்து கிடக்கும் பூஞ்சை ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏ) தரவுத்தளங்களை எப்படிக் கையாளுவது, எங்கே வழுக்கும் என்பதைச் சற்று விரித்தே எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்கள் இரண்டு வகை. ஒன்று, கொடுப்பதை வாங்கி வைக்கும் களஞ்சியம். அமெரிக்காவின் ஜென்பேங்க், ஐரோப்பாவின் இஎன்ஏ, ஜப்பானின் டிடிபிஜே மூன்றும் இவ்வகை. மூன்றும் அன்றாடம் தரவைப் பரிமாறிக்கொள்வதால் ஒன்றில் போட்டது மற்ற இரண்டிலும் வந்துவிடும். யாரும் சமர்ப்பிக்கலாம், பூஞ்சைக்கு என்ன பெயர் என்று எழுதுவதும் சமர்ப்பிப்பவரே. பெயர் தவறு என்று பிறகு தெரிந்தாலும் பதிவைத் திருத்தும் உரிமை அவருக்குத்தான். அவர் வேலை மாறி, மின்னஞ்சலும் செத்துப்போயிருந்தால் தவறு அப்படியே தங்கிவிடும். பொதுத் தளங்களிலுள்ள பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒன்று வரை இனப்பெயர் பிழையாக இருக்கலாம் என்று 2006இலேயே ஆய்வு வெளியாகியிருக்கிறது. அந்தப் பழைய பதிவுகள் எங்கும் போய்விடவில்லை. புதியவற்றோடு ஒரே பட்டியலில் நிற்கின்றன.

இன்னொரு வகை, களஞ்சியத்திலிருந்து பொறுக்கியெடுத்து, மரபணுக்களுக்கு அடையாளமிட்டு, ஒப்பிடும் கருவிகளோடு தரும் தளங்கள். ரொட்டி ஈஸ்ட்டுக்கு ஸ்டான்ஃபோர்டில் உள்ள எஸ்ஜிடி, மனிதரைத் தொற்றும் ஈஸ்ட்டான கேண்டிடாவுக்கு சிஜிடி, பல வகைப் பூஞ்சைகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறையின் ஜேஜிஐ நடத்தும் மைக்கோகாசம், பிறகு ஃபங்கிடிபி, இங்கிலாந்தில் ஹிங்ஸ்டனிலிருந்து வரும் என்செம்பிள் ஃபங்கை. ஈஸ்ட்டின் ஜீனோம் 1996இல் முழுமையானது. 16 குரோமோசோம், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் எழுத்து (டிஎன்ஏவின் ஒவ்வொரு அலகும் ஓர் எழுத்து), சுமார் 6,000 மரபணு. உட்கரு உள்ள உயிர்களிலேயே முதன்முதலாக முழுதும் படிக்கப்பட்டது அதுதான். அதற்கு 15 ஆண்டு கழித்து, 2011இல், ஜேஜிஐ தொடங்கிய 1000 பூஞ்சை ஜீனோம் திட்டம் 500க்கும் மேற்பட்ட பூஞ்சைக் குடும்பங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் மாதிரி எடுத்துப் படிப்பதை நோக்கமாக வைத்தது. மைக்கோகாசத்தில் இன்று கிடப்பவற்றில் பெரும்பங்கு அந்த முயற்சியின் விளைச்சல். ஒரே இனத்தைப் பற்றி ஆழமாகத் தெரிய வேண்டுமா, எஸ்ஜிடி, சிஜிடி போன்றவற்றுக்குப் போங்கள். அங்கே ஆட்கள் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பல இனங்களை ஒப்பிட வேண்டுமானால் மைக்கோகாசம்.

இனி, முதல் வரி ஏன் போதாது என்பதற்கு வாழை வாடல் நோயையே எடுத்துக்கொள்வோம். பாலிக் பூலாவில் வாடிப்போன ஒரு பெராங்கான் வாழையின் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே குழாய்த்திசு செம்பழுப்பாகத் தெரியும். அந்தத் துண்டிலிருந்து வளர்த்தெடுத்த பூஞ்சையின் டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற, பூஞ்சையை அடையாளம் காணப் பயன்படும் பகுதியைப் பெருக்கி, வரிசையை வாங்கி, பிளாஸ்டில் போட்டால் ‘ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம், 100 விழுக்காடு’ என்று வரிசையாக நூறு வரி வந்து நிற்கும். ஏன் நூறு? நீங்கள் மாற்றாதவரை அந்தத் தளம் நூறு வரிதான் காட்டும். நூற்றோராவது வரியில் வேறொரு இனம் அதே மதிப்பெண்ணோடு இருக்கலாம். அமைப்பில் அந்த எண்ணிக்கையை 1,000 ஆக்கிவிட்டுப் பாருங்கள், பெயர்கள் கலந்துவரும். அதே பக்கத்தில் ‘வகைமாதிரிப் பொருளிலிருந்து வந்த வரிசைகள் மட்டும்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் குறியிட்டு மறுபடியும் தேடினால், அந்த இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரியோடு உங்களுடையது ஒப்பிடப்படும். ஒரு சொடுக்குதான். செய்வோர் குறைவு. ஒற்றுமை விழுக்காட்டை மட்டும் பார்க்காமல் பக்கத்திலுள்ள ‘வினா பரவல்’ பத்தியையும் பாருங்கள்: 600 எழுத்தில் 150 மட்டும் பொருந்தி அந்த 150இல் 100 விழுக்காடு என்றால் அதற்கு மதிப்பில்லை.

ஐடிஎஸ் மோசமான பகுதி என்று சொல்லவில்லை. 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளப் பட்டையாக முன்மொழியப்பட்டது அதுதான். எஸ்டோனியாவின் டார்ட்டுவில் பராமரிக்கப்படும் யுனைட் தளம் முழுவதும் அதைச் சுற்றியே கட்டப்பட்டது. பெயர்ப்பிழையை மூன்றாம் ஆள் சுட்டிக்காட்டித் திருத்தக் குறிப்பிட முடியும் என்பது யுனைட்டின் நல்ல அம்சம். ஆனால் ஃபியூசேரியத்தில் நெருங்கிய இனங்களை ஐடிஎஸ் பிரித்துக் காட்டாது. போதாக்குறைக்கு, சில ஃபியூசேரியங்களின் ஜீனோமுக்குள்ளேயே ஐடிஎஸ்2 பகுதி ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு வடிவங்களில் கிடக்கிறது. எதைப் பெருக்கினீர்களோ அதற்கேற்ப விடை மாறும். ஃபியூசேரியத்துக்கு டிஇஎஃப்1 மரபணுவில் சுமார் 700 எழுத்தைப் படித்து, ஃபியூசேரியம்-ஐடி தளத்தில் ஒப்பிடுங்கள். செலவு இன்னொரு பிசிஆர் (டிஎன்ஏ பெருக்கல்), இன்னொரு வரிசைப்படுத்தல், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் தோட்டக்காரரின் கேள்விக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்பது இனப்பெயரை அல்ல, “இது டிஆர்4 தானா?” என்பதை. டிஆர்4 என்பது வாழையை வாடவைக்கும் ஃபியூசேரியத்தின் கொடிய வகை. ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற ஒரே பெயருக்குள் மண்ணில் சும்மா வாழ்வதும் உண்டு, தக்காளியைக் கொல்வதும் உண்டு, 1990களில் மலேசியக் கேவண்டிஷ் வாழைத் தோட்டங்களை அழித்த டிஆர்4உம் உண்டு. டிஆர்4ஐக் கண்டுபிடிக்க 2010இல் வெளியான பிசிஆர் சோதனை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் நோய் உண்டாக்காத சில ஃபியூசேரியங்களிலும் அது நேர்மறை காட்டியது பின்னால் பதிவானது. சந்தேகம் வந்தால் முழு ஜீனோமைப் படித்துப் பார்ப்பதே வழி. இங்கேதான் பொதுத் தரவுத்தளம் கைகொடுக்கிறது; இங்கேதான் பெரிய சறுக்கலும்.

மாணவர்கள் பலர் ஒப்பீட்டுக்கு எடுப்பது தக்காளியைத் தாக்கும் 4287 என்ற ஃபியூசேரியத் திரிபை. 2010இல் வெளியானது, எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது, தேடினால் முதலில் வருகிறது. அந்தத் திரிபின் 15 குரோமோசோம்களில் நான்கும் வேறு இரண்டின் துண்டுகளும் அந்தக் கூட்டத்துக்கே உரியவை; நோய் உண்டாக்கும் மரபணுக்கள் அந்தக் கூடுதல் பகுதியில்தான் குவிந்திருக்கின்றன. வாழையைத் தாக்கும் திரிபின் கூடுதல் பகுதி வேறு. உங்கள் ரீடுகளை (வரிசைப்படுத்தும் கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளை) 4287 மேல் பொருத்தினால் பொதுவான குரோமோசோம்கள் அழகாகப் பொருந்தும். வாழைக்கே உரிய பகுதி எங்கும் பொருந்தாமல் வெளியே விழும். மென்பொருள் பிழை ஏதும் சொல்லாது. நீங்கள் தேடிவந்ததே அந்த வெளியே விழுந்த குவியலில் கிடக்க, அறிக்கையில் ‘90 விழுக்காடு ரீடு பொருந்தியது, தரம் நன்று’ என்று எழுதிவிடுவோம்.

செய்ய வேண்டியது இது. ஒப்பீட்டுக்கு டிஆர்4 திரிபையே எடுங்கள். யுகே0001 என்ற திரிபின் தொகுப்பு (ரீடுகளை ஒட்டி மீட்ட ஜீனோம்) 2019இல் வெளியானது. நீள ரீடுகளால் படிக்கப்பட்டதால் 4 கோடியே 86 லட்சம் எழுத்தும் வெறும் 15 துண்டுகளில் அடங்கியிருக்கிறது. பொருந்தாத ரீடுகளை எறிந்துவிடாமல் தனிக் கோப்பாக எடுத்து, அவற்றை மட்டும் தனியே தொகுத்து, பிறகு சிக்ஸ் மரபணுக்களைத் தேடுங்கள். நோயுற்ற தக்காளியின் குழாய்ச்சாற்றில் பூஞ்சை சுரந்துவிட்டிருந்த புரதங்களாகக் கண்டறியப்பட்டவை இவை. எந்த சிக்ஸ் இருக்கிறது, எது இல்லை, இருப்பதன் எழுத்து எப்படி வேறுபடுகிறது என்பதை வைத்துத்தான் டிஆர்4ஐயும் ரேஸ் 1 என்ற பழைய வாழை வாடல் வகையையும் பிரிக்கிறார்கள்.

‘இந்த மரபணு இல்லை’ என்று எழுதுமுன் இன்னொன்று. பிளாஸ்டில் வழக்கமாகத் திறந்திருக்கும் நியூக்ளியோடைடு தொகுதியில் முழு ஜீனோம் திட்டங்களின் கான்டிக்குகள் (தொகுப்பின் தொடர் துண்டுகள்) சேராது. அவை டபிள்யூஜிஎஸ் என்ற தனித் தொகுதியில் இருக்கின்றன. அதைத் தேர்ந்து, உயிரியின் பெயரையும் குறிப்பிட்டுத் தேடினால்தான் வரும். “ஜென்பேங்கில் தேடினோம், கிடைக்கவில்லை” என்று முடியும் அறிக்கைகளைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் தோன்றும் கேள்வி, எந்தத் தொகுதியில் தேடினீர்கள் என்பதே.

ஆழமும், அதாவது ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதும், முக்கியம். கணக்கு எளிது: 4 கோடியே 80 லட்சம் எழுத்துள்ள ஜீனோமை 60 மடங்கு ஆழத்தில் படிக்க 288 கோடி எழுத்து வேண்டும், 150 எழுத்து இரட்டை ரீடு என்றால் ஒரு இணைக்கு 300, ஆக 96 லட்சம் இணைகள். வரிசைப்படுத்தும் நிறுவனத்திடம் விலை கேட்குமுன் இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஆழம் 10 மடங்குக்குக் கீழே போனால் தொகுப்பு நொறுங்கி, மரபணு நடுவில் அறுந்துபோய், இருக்கிற மரபணுவும் இல்லாததுபோல் தெரியும்.

பதிவுப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பதிவெண். ‘ஜிசிஏ’ என்று தொடங்கினால் சமர்ப்பித்தவர் கொடுத்தபடி உள்ளது. ‘ஜிசிஎஃப்’ என்றால் ரெஃப்செக் என்ற மேற்கோள் தொகுதி அதன் படியெடுத்து வைத்துக்கொண்டது. பூஞ்சைகளைப் பொறுத்தவரை ரெஃப்செக் பெரும்பாலும் சமர்ப்பித்தவரின் மரபணுக் குறிப்பையே ஏற்றுக்கொண்டிருப்பதால் ஜிசிஎஃப் என்றாலே மேலானது என்று நம்ப வேண்டாம். எண்ணின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் 1, 2 என்பது பதிப்பு. பதிப்பு மாறினால் ஆயங்கள் (மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இட எண்கள்) மாறும். ஒரு பதிப்பின் ஃபாஸ்டா (வரிசை) கோப்போடு இன்னொரு பதிப்பின் ஜிஎஃப்எஃப்3 (மரபணுக் குறிப்பு) கோப்பைச் சேர்த்தால் எல்லா மரபணுவும் நாலு எழுத்து தள்ளியோ நாலாயிரம் எழுத்து தள்ளியோ வெட்டப்படும். வரும் புரதங்கள் முழுக்க நிறுத்தக் குறிகளாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

அடுத்து என்50. தொகுப்பின் மொத்த நீளத்தில் பாதி, இந்த அளவோ அதற்கு மேலோ உள்ள துண்டுகளில் இருக்கிறது என்பது அதன் பொருள். பல லட்சம் என்றால் மகிழலாம், சில ஆயிரம் என்றால் மரபணுக் கொத்துகளைப் பற்றிப் பேசாதீர்கள். மரபணுக் கொத்துகளைக் கண்டுபிடிக்கும் ஃபங்கிஸ்மாஷ் போன்ற கருவி 40,000 எழுத்து நீளமுள்ள நச்சு உற்பத்திக் கொத்தை நான்கு துண்டாகப் பார்த்து நான்கு கொத்து என்று எண்ணிவிடும். ஆனால் என்50 பெரிதாக இருப்பது மட்டும் தரம் ஆகாது. பஸ்கோ மதிப்பையும் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு பூஞ்சையிலும் ஒரே ஒரு படி இருந்தாக வேண்டிய மரபணுக்களின் பட்டியல் அது; அதில் எத்தனை விழுக்காடு தொகுப்பில் கிடைத்தது என்பதே மதிப்பு. 10ஆம் பதிப்பில் பூஞ்சைகள் அனைத்துக்கும் பொதுவாக 758, பெரும்பிரிவுகளான அஸ்கோமைகோட்டாவுக்கு 1,706, பசிடியோமைகோட்டாவுக்கு 1,764. பொதுப் பட்டியலில் 98 விழுக்காடு வாங்கிய தொகுப்பு குறுகிய பட்டியலில் 90 வாங்கலாம், ஆகவே எந்தப் பட்டியல் என்று எழுதாத பஸ்கோ மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அந்த மதிப்பில் ‘இரட்டை’ (ஒன்றுக்கு மேற்பட்ட படி கிடைத்தவை) என்ற பகுதிதான் நம் நாட்டுக்கு முக்கியமானது. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா போனினென்ஸின் காளான் உடலிலிருந்து டிஎன்ஏ எடுத்தால், ஒவ்வொரு செல்லிலும் வேறுவேறு பெற்றோரிடமிருந்து வந்த இரண்டு உட்கருக்கள் இருக்கும். ஏறக்குறைய ஒரே செய்திகளோடு அச்சான இரண்டு நாளிதழ்களைக் கிழித்துக் கலந்துவிட்டு, ஒரே இதழாக ஒட்டச் சொன்னால் என்ன ஆகும்? சில பக்கம் ஒன்றாகும், சில பக்கம் இரண்டாகவே நிற்கும். தொகுப்பின் நீளம் ஊதிப்போகும், மரபணு எண்ணிக்கை ஏறும், பஸ்கோவில் இரட்டை 20, 30 விழுக்காடு காட்டும். இதை ‘மரபணுப் பெருக்கம்’ என்று கண்டுபிடிப்பாக எழுதிவிடுவது நடக்கக்கூடிய விபத்து. ஒரே வித்திலிருந்து வளர்த்த ஒற்றை உட்கருத் திரிபைப் படிப்பது ஒரு வழி. முடியாவிட்டால் இரட்டிப்பை நீக்கும் பர்ஜ்-டப்ஸ் போன்ற கருவியை ஓட்டிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள பஸ்கோவை இரண்டையும் தாருங்கள். இரட்டை உயர்வதற்கு இன்னொரு காரணம் கலப்படம், இன்னொரு பூஞ்சை அதே தட்டில் வளர்ந்திருப்பது. ஜிசி விழுக்காட்டையும் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) ரீடு ஆழத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கலப்படம் தனிப் பொட்டாக ஒதுங்கித் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான் ஒதுங்கும். ஆழம் மிக அதிகமாகவும் ஜிசி குறைவாகவும் இருப்பதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம்.

மருத்துவமனை ஆய்வகங்களில் கேண்டிடாவோடு வேலை செய்வோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கேண்டிடா அல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ் இரண்டும் சியூஜி என்ற கோடானை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை) லியூசினாகப் படிப்பதில்லை, செரினாகப் படிக்கின்றன. டிஎன்ஏவைப் புரதமாக்கும் மொழிபெயர்ப்புக் கருவியில் வழக்கமான அட்டவணை 1ஐ விட்டுவிட்டு 12ஐத் தேர்வுசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் புரதம் முழு நீளத்தில் வரும், நிறுத்தக் குறி ஏதும் குறுக்கிடாது. அங்கங்கே ஓர் அமினோ அமிலம் மட்டும் பொய்யாக இருக்கும். மருந்து எதிர்ப்பு மாற்றம் தேடும்போது இப்படி ஒரு பொய் எழுத்து போதும், இல்லாத திடீர்மாற்றத்தை இருப்பதாக எழுதிவிட. மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் பிழை இதற்கு நேர்மாறாகச் சத்தம் போடும்: இழைப் பூஞ்சைகளுக்கு அட்டவணை 4 போடாவிட்டால் யூஜிஏ வரும் இடமெல்லாம் புரதம் அறுந்து நிற்கும். கேண்டிடா ஆரிஸ், உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் வெளியிட்ட 19 பூஞ்சைகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியலில் மிக உயர்ந்த நிலையிலுள்ள நான்கில் ஒன்று. 2009இல்தான் ஜப்பானிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இன்று கேண்டிடோசைமா ஆரிஸ் என்ற பெயரும் வழக்கில் வந்துவிட்டது. இரண்டு பெயரிலும் தேடித் தடுமாறாமல் டாக்ஸ்ஐடி (உயிரிக்குத் தரவுத்தளம் இட்ட எண்) 498019ஐக் கொண்டு தேடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. பெனிசிலியம் மார்னெஃபை தலரோமைசஸ் ஆனதற்கும் மேக்னபோர்த்தே, பைரிகுலேரியா குழப்பத்துக்கும் இதே மருந்துதான்.

ஒரே ஜீனோமுக்கு மூன்று தளத்தில் மூன்று மரபணு எண்ணிக்கை வருகிறதே, எது சரி என்று கேட்போர் உண்டு. மூன்றும் கணிப்புதான். கணிப்புக் கருவி வேறு, ஆர்என்ஏ ஆதாரம் சேர்த்தார்களா இல்லையா என்பது வேறு. இரண்டு பூஞ்சைகளை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டின் மரபணுக் குறிப்பும் ஒரே கருவியால் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சைகளின் வேறுபாட்டை விட்டுவிட்டுக் கருவிகளின் வேறுபாட்டை அளந்துகொண்டிருப்போம். பிரேக்கர், ஃபனனோட்டேட் இரண்டில் ஒன்றை இரண்டு ஜீனோம் மீதும் புதிதாக ஓட்டிவிடுவது நேர்மையான வழி.

இதையெல்லாம் ஓட்ட வீட்டு மடிக்கணினி போதுமா? ஜீனோம் கோப்புக்குப் போதும்: ஓர் எழுத்துக்கு ஒரு பைட், ஆகவே டிஆர்4இன் ஃபாஸ்டா சுமார் 48 எம்பி, சுருக்கினால் இன்னும் குறைவு. ரீடு கோப்புகள்தான் பெரியவை. மேலே சொன்ன 60 மடங்கு ஆழம் சுருக்காமல் 6 ஜிபிக்கு மேல் போகும். தொகுக்கும் வேலையை கேலக்ஸி என்ற இணையப் பகுப்பாய்வுத் தளத்தில் செய்யுங்கள். பதிவு இலவசம், நிரல் எழுத வேண்டாம், ஓட்டிய ஒவ்வொரு படியும் எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்பதோடு வரலாறாகச் சேமிக்கப்படும். அந்த வரலாற்றைப் பின்னிணைப்பாகக் கொடுத்தாலே செய்முறை அத்தியாயத்தில் பாதி முடிந்தது. கோப்பை இறக்கியதும் எம்டி5 எண்ணை (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் குறியை) சரிபார்க்கவும். இடையில் அறுந்த கோப்பு சில நேரம் எந்தப் பிழையும் காட்டாமல் திறந்துவிடும். பாதி ஜீனோமை வைத்து ஒரு வாரம் ஓட்டிய பிறகே தெரியவரும்.

மைக்கோகாசத்திலிருந்து இறக்க இலவசக் கணக்கு வேண்டும். சில கோப்புகள் நாடாச் சேமிப்பில் கிடப்பதால் கேட்டவுடன் வராது, மீட்டெடுத்த பிறகு மின்னஞ்சல் வரும். கடைசி நாளில் கேட்டு உட்காராதீர்கள். அங்கே தொகுப்பு இரண்டு வடிவில் இருக்கும், மீள்வரிசைகளை (திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை) மறைத்ததும் மறைக்காததும். நோய்க் காரணி மரபணுக்கள் பல மீள்வரிசைகளுக்கு நடுவிலேயே ஒளிந்திருப்பவை, ஆகவே அவற்றைத் தேடுவோர் மறைக்காத கோப்பையே எடுக்கவும். எல்லாவற்றையும்விட முக்கியம்: அங்கே தெரியும் ஜீனோம் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை. இன்னும் கட்டுரையாக வெளிவராதவற்றுக்கு அந்தத் திட்டத்தின் முதன்மை ஆய்வாளரிடம் எழுதி அனுமதி பெற வேண்டும். மின்னஞ்சல் நாலு வரி போதும், பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

தளங்கள் நிரந்தரம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பாஸ்டன் பக்கம் பிராட் நிறுவனம் நடத்திய பூஞ்சை ஜீனோம் பக்கங்கள் ஒரு காலத்தில் எல்லோரும் போகும் இடம். மூடப்பட்டுவிட்டன, பழைய கட்டுரைகளில் உள்ள இணைப்புகள் எங்கும் போவதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு இருந்த தனித் தளத்தின் வேலை ஃபங்கிடிபியிடம் போனது. அந்த ஃபங்கிடிபிக்கே அமெரிக்க அரசின் ஒப்பந்த நிதி 2024இல் முடிந்து, சந்தா முறைக்கு மாற வேண்டியதாயிற்று. இத்தனை பயனுள்ள தளம் இப்படிக் கையேந்த நேர்ந்தது எங்களுக்கு வருத்தம்தான். நம் பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்விதழ்ச் சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கும் ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து. மாணவர் அளவில் செய்யக்கூடியது: இணைய முகவரியைக் குறிப்பிடாமல், பதிப்போடு கூடிய பதிவெண்ணையும் திரிபின் பெயரையும் இறக்கிய தேதியையும் எழுதுவது. எம்ஜிஜி, என்சியூ, எஃப்ஓஎக்ஸ்ஜி என்று தொடங்கும் மரபணு எண்கள் பிராட் பக்கங்கள் போன பிறகும் உயிரோடிருப்பது, எல்லோரும் அவற்றைக் கட்டுரைகளில் எழுதிவைத்ததால்தான்.

எடுப்பதைப் போலக் கொடுப்பதும் நடக்க வேண்டும். மலேசியாவில் படிக்கப்பட்ட பூஞ்சை வரிசைகள் பல, பட்டம் வாங்கியவரின் ஹார்ட் டிஸ்கோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. ஜென்பேங்கில் சேர்க்கும் ஒழுங்கு இது: முதலில் பயோபுராஜெக்ட் (திட்டப் பதிவு), அதன் கீழ் ஒவ்வொரு திரிபுக்கும் ஒரு பயோசாம்பிள் (மாதிரிப் பதிவு), பிறகு ரீடுகளை எஸ்ஆர்ஏ என்ற ரீடு களஞ்சியத்தில், கடைசியில் தொகுப்பு. 200 எழுத்துக்குக் குறைந்த கான்டிக்குகளை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள், எப்படியும் ஏற்க மாட்டார்கள். சேகரித்த தேதியும் நாடும் கட்டாயம். ‘மலேசியா’ என்று மட்டும் விடாமல் மாநிலம், ஊர், எந்த வாழை ரகம், தண்டா வேரா என்பதெல்லாம் எழுதுங்கள்; ஐந்தாண்டு கழித்து அந்தப் பதிவைப் பயன்படுத்தப்போகிறவருக்கு வரிசையைவிட அந்த விவரம்தான் தேவைப்படும். நோயுற்ற தோட்டத்தின் துல்லியமான ஆயத்தொலைவைப் போட்டு உரிமையாளரைச் சிக்கலில் மாட்டிவிடவும் வேண்டாம், வட்டார அளவு போதும். வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். ஆனால் பதிவெண் கட்டுரையில் அச்சானதும் தரவும் திறக்கப்படும்.

மாதிரி எடுக்குமுன் சட்டத்தையும் பாருங்கள். உயிரியல் வளங்களைப் பெறுவது, பயன்பகிர்வு பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 795, 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் இருக்கிறது. வணிக நோக்கம் இல்லாத ஆய்வுக்கும் அதில் விதி உண்டு. சபாவும் சரவாக்கும் தனி விதிகள் வைத்திருக்கின்றன. அனுமதி எண்ணைப் பயோசாம்பிள் குறிப்பிலேயே எழுதிவைத்தால் பின்னால் ஆய்விதழ் கேட்கும்போது தேட வேண்டாம்.

தொகுப்பைச் சமர்ப்பித்ததும் ஜென்பேங்க் கலப்படச் சோதனை ஓட்டி, எந்தக் கான்டிக்கில் எந்த எழுத்து முதல் எந்த எழுத்து வரை பாக்டீரியா, எங்கே அடாப்டர் (வரிசைப்படுத்துவதற்காக ஒட்டிய செயற்கை டிஎன்ஏ) மிச்சம் என்று பட்டியல் அனுப்பும். முதல் முறையே ஒன்றும் வராமல் போவது அரிது, பதற வேண்டாம். முழுக் கான்டிக்கும் அந்நியம் என்றால் நீக்குங்கள். ஓரத்தில் மட்டும் என்றால் வெட்டுங்கள். நடுவில் என்றால் இரண்டாகப் பிரியுங்கள், அது தவறாக ஒட்டிய இடமாக இருக்கும். திருத்திய கோப்பில் ஆயங்கள் மாறிவிடுவதால் மரபணுக் குறிப்பையும் மறுபடி செய்தாக வேண்டும். இதனாலேயே அதே சோதனைக் கருவியான எஃப்சிஎஸ்ஸை, கேலக்ஸியில் இருக்கிறது, மரபணுக் குறிப்புக்கு முன்பே ஓட்டிவிடுவது நல்லது. ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது சமர்ப்பிப்பைத் தொடங்குங்கள். பதிவெண் கைக்கு வராமல் செய்முறை அத்தியாயத்தை அச்சிட முடியாது.

இப்படிக்கு,
பூஞ்சை ஆய்விலும் உயிர்த்தகவலியலிலும் பணிபுரியும் வாசகர்கள் சிலர்,
குளுகோர், பினாங்கு.